உறை போட்ட உலோக நானோகம்பிகளும் நானோ ஒளியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கல்லூரிகளில் இயற்பியல், வேதியியல் படிப்பவர்களிடம் இந்தத் துறையைப் பற்றிப் பேசினால், பேச்சு முடிந்ததும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும், பிள்ளைகளோடு வந்த பெற்றோர் கேட்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஓரிரு வரிதான். பிளஸ் டூ இயற்பியல் கொஞ்சம் நினைவில் இருந்தால் போதும்.

நானோகம்பி என்றால் எவ்வளவு மெல்லியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இங்கே பேசப்போகும் வெள்ளிக் கம்பிகளின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 200 நானோமீட்டர் வரை. நீளம் சில மைக்ரோமீட்டரில் தொடங்கிச் சில பத்து மைக்ரோமீட்டர் வரை போகும். தலைமுடி ஒன்றின் குறுக்கே 100 நானோமீட்டர் கம்பிகளை நெருக்கி அடுக்கினால் எண்ணூறு, ஆயிரம் என்று வைக்கலாம்.

"வெள்ளி விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நானோமீட்டர் தடிமனும் 10 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள கம்பி என்றால், ஒரு கிராம் வெள்ளியில் சுமார் ஒரு லட்சம் கோடி கம்பிகள் வரும். ஒரு ஆய்வுக்குத் தேவைப்படுவது அதில் ஒன்றோ பத்தோ. செலவெல்லாம் நுண்ணோக்கிக்கும் லேசருக்கும்தான்.

ஒளியைக் கொண்டுபோகக் கண்ணாடி இழை இருக்கிறதே, உலோகம் எதற்கு?

தூரத்துக்குக் கண்ணாடி இழையை அடித்துக்கொள்ள ஆளில்லை. சென்னையிலிருந்து கடலுக்கடியில் போர்ட் பிளேருக்கும் மற்ற அந்தமான் தீவுகளுக்கும் போகிற கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். அப்படிப்பட்ட இழைகளில் ஒளி ஓடும் மையப்பகுதியின் விட்டம் 8, 9 மைக்ரோமீட்டர் இருக்கும்.

சிக்கல் அந்த விட்டத்தில்தான். கண்ணாடியை எவ்வளவு மெலிதாக இழுத்தாலும் ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே ஒடுக்க முடியாது. விளிம்பு விளைவு விடாது. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையை 1873-லேயே எழுதிவைத்துவிட்டார். பச்சை ஒளிக்கு அது சுமார் 250 நானோமீட்டர். அதைவிட மெல்லிய கண்ணாடி இழையில் ஒளி உள்ளே தங்காமல் வெளியே வழிந்து பரவிவிடும். ஆனால் சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டரின் பாகங்களும், நாம் தொட்டுப் பார்க்க விரும்பும் மூலக்கூறுகளும் அதைவிடப் பல மடங்கு சிறியவை. அந்த அளவுக்கு ஒளியை ஒடுக்க உலோகம் வேண்டும்.

அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. கண்ணாடி இழையில் ஒளி கடலைத் தாண்டுகிறது. வெள்ளி நானோகம்பியில் 10 மைக்ரோமீட்டர் ஓடினாலே பாதிக்கு மேல் சூடாக மாறிக் காணாமல் போய்விடும். ஒரு தலைமுடியின் தடிமனைக்கூட அது ஒழுங்காகத் தாண்டாது. அடுத்து வரும் எல்லா பதில்களையும் இந்த வரவுசெலவை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உலோகத்துக்குள் ஒளி எப்படிப் போகும்? உலோகம் ஒளியைத் தடுக்கத்தானே செய்யும்?

உள்ளே போவதில்லை. வெள்ளிக்குள் ஒளி 25 நானோமீட்டர் அளவுக்குத்தான் நுழையும். அது பயணம் செய்வது மேற்பரப்பை ஒட்டி. உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்களை ஒளியின் மின்புலம் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அந்த ஆட்டமும் ஒளிப்புலமும் கைகோத்துக்கொண்டு கம்பியின் பரப்பில் அலையாக நகர்கின்றன. இதற்குப் பரப்புப் பிளாஸ்மான் என்று பெயர். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ரூஃபஸ் ரிட்சி 1957-ல் கணக்கிட்டுச் சொன்னார்.

இந்த அலையின் அலைநீளம், அதே அதிர்வெண் கொண்ட ஒளி காற்றில் போகும்போது இருப்பதைவிடக் குறைவு. 2005-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் ஒரு வெள்ளி நானோகம்பியில் இதை அளந்தார்கள்: 785 நானோமீட்டர் லேசர், கம்பியில் 414 நானோமீட்டர் அலையாக ஓடியது. குறுகிய அலை என்றால் குறுகிய இடத்தில் அடங்கும். அபேயின் எல்லை உடையவில்லை. ஒளி வேறு வேடம் போட்டுக்கொண்டதால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆற்றலின் பெரும்பகுதி கம்பிக்கு வெளியே, அதன் தோலை ஒட்டிய சில பத்து நானோமீட்டரில் இருக்கிறது என்பது. அந்த இடத்தில் என்ன பொருள் இருக்கிறதோ, அதுதான் அலையின் போக்கைத் தீர்மானிக்கும்.

அப்போ உறை எதற்கு? கறுக்காமல் இருக்கவா?

அதற்கும்தான். வீட்டில் வெள்ளிக் காமாட்சி விளக்கு கறுத்துப் போனால் விபூதி போட்டுத் தேய்க்கிறோம். காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகும், கறுப்பு அதுதான். விளக்கில் அது மேலே ஒரு படலம், தேய்த்தால் போகும். நூறு நானோமீட்டர் கம்பியில் படலமே கம்பியின் கணிசமான பங்கைத் தின்றுவிடும், தேய்க்கவும் வழியில்லை. திறந்துவைத்த வெள்ளி நானோகம்பிகள் சில வாரங்களிலேயே கரடுமுரடாகிவிடும். கூவம் ஓரத்தில் மூக்கைப் பிடிக்க வைப்பது இதே ஹைட்ரஜன் சல்பைடுதான். அதோடு நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வளிமண்டலம் வறண்ட ஊரில் இருப்பவர்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அதே ஆயுளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் பாதுகாப்பு மட்டும்தான் என்று நினைத்தால் விஷயத்தின் பாதியை விட்டுவிடுவீர்கள். மேலே சொன்னபடி ஒளி இருப்பது கம்பியின் வெளித்தோலில். உறையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே உறை போடுவது என்பது ஒளி ஓடும் பாதையையே மாற்றிக் கட்டுவது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. உறையாகப் போடும் ஆக்சைடுகளில் சிலிக்காவுக்குச் (சிலிக்கான் ஆக்சைடு) சுமார் 1.45, அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு) 1.65 முதல் 1.77 வரை, டைட்டானியாவுக்கு (டைட்டானியம் ஆக்சைடு) 2.4 பக்கம். எண் கூடக் கூடப் பிளாஸ்மான் இன்னும் இறுக்கமாகக் கம்பியோடு ஒட்டும், அலைநீளம் இன்னும் குறையும், இழப்பும் ஏறும். எவ்வளவு இறுக்கம் வேண்டும், எவ்வளவு தூரம் வேண்டும் என்ற பேரத்தை உறையின் பொருளும் தடிமனும் முடித்துவைக்கின்றன. இந்தத் துறையில் சாமர்த்தியம் கம்பியில் இருப்பதைவிட உறையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஒரு வேலை இதை அழகாகக் காட்டுகிறது. வெள்ளிக் கம்பி ஒன்றில் இரண்டு வகைப் பிளாஸ்மான்கள் சேர்ந்து ஓடினால், கம்பி நெடுக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஒரு கோலம் விழும். அந்தக் கம்பிமேல் சில நானோமீட்டர் அலுமினா போட்டதும் கோலத்தின் இடைவெளி மாறியது. போட்ட படலத்தின் தடிமனைவிட மாற்றம் பல மடங்கு பெரிது. கண்ணால் காண முடியாத படலம், நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும் மாற்றமாகிவிடுகிறது.

உறை எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

கறுப்பு பிடிக்காமல் இருந்தால் போதும் என்றால், ஓட்டை இல்லாத சில நானோமீட்டர் போதும். ஒளிரும் மூலக்கூறையோ குவாண்டம் புள்ளியையோ (சில நானோமீட்டர் அளவுள்ள, ஒளிரும் குறைக்கடத்திப் படிகம்) பக்கத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் நிதானம் வேண்டும்.

ஒளிரும் மூலக்கூறு உலோகத்தை நேரே தொட்டால் அணைந்துவிடும். அதன் ஆற்றலை உலோகம் உறிஞ்சிச் சூடாக்கிவிடுகிறது. 5 நானோமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் இதே கதிதான். மிகத் தள்ளி, ஐம்பது நூறு நானோமீட்டருக்கு அப்பால் வைத்தால் கம்பியின் புலம் அங்கே பலவீனம், ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாததுபோல இருக்கும். நடுவில், ஏறத்தாழ 10 நானோமீட்டர் பக்கம், மூலக்கூறு வழக்கத்தைவிடப் பிரகாசமாக ஒளிரும். தன் ஒளியைக் கம்பிக்குள்ளும் தள்ளும். ஒளிர்வின் வேகம் சுற்றுப்புறத்தைப் பொறுத்து மாறும் என்று அமெரிக்க இயற்பியலாளர் பர்செல் 1946-ல் சொன்னதன் நேரடி விளைவு இது. உறையை ஓர் அளவுகோல்போலப் பயன்படுத்தி அந்த இடைவெளியை நிலைநிறுத்துகிறார்கள்.

எண்ணை யாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பியின் தடிமன், ஒளியின் நிறம், மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதெல்லாம் பொறுத்து அது நகரும்.

வெள்ளியையே ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? தங்கம், தாமிரம், அலுமினியம் ஆகாதா?

ஆகும். கட்புல ஒளியில் வெள்ளிக்குத்தான் இழப்பு குறைவு. தங்கம் கறுக்காது, ஆனால் சுமார் 520 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது பச்சை, நீலத்தில், ஒளியைத் தானே விழுங்கிவிடும். தங்கம் மஞ்சளாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சிவப்பிலும் அகச்சிவப்பிலும் தங்கம் அருமை. அலுமினியம் புற ஊதாவில் கைகொடுக்கும். அதற்கு இயற்கையே சில நானோமீட்டர் ஆக்சைடு உறையைப் போட்டுவிடுகிறது. தாமிரம் மலிவு, ஆனால் உறை இல்லாவிட்டால் சீக்கிரம் ஆக்சைடாகிவிடும்.

இந்தக் கம்பிகளை எப்படிச் செய்கிறார்கள்? இழுத்தா?

இல்லை, வளர்க்கிறார்கள். எத்திலீன் கிளைக்காலை 150, 160 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கி, அதில் வெள்ளி நைட்ரேட்டையும் பிவிபி என்ற பாலிமரையும் மெதுவாகச் சேர்ப்பார்கள். கிளைக்கால் வெள்ளி அயனிகளை வெள்ளி அணுக்களாக ஒடுக்கும். முதலில் உண்டாகும் சில பொடிகளுக்கு ஐந்து மடிப்புகள் கொண்ட படிக அமைப்பு இருக்கும். பிவிபி பக்கவாட்டு முகங்களில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், முனைகளில் அவ்வளவாக ஒட்டாது. புதிய அணுக்கள் முனைகளில் மட்டும் சேரச் சேர, பொடி கம்பியாக நீளும். அதனால்தான் நல்ல வெள்ளி நானோகம்பியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் ஐங்கோணமாக இருக்கிறது. யூனான் ஷியாவின் குழு 2002 வாக்கில் இந்த முறையைப் பிரபலப்படுத்தியது.

குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும்: நிறமில்லாத கரைசல் மஞ்சளாகி, கலங்கி, கடைசியில் ஆட்டினால் பட்டுபோல மினுமினுக்கும் சாம்பல் நிறத்துக்கு வரும். அந்த மினுமினுப்பு வந்தால் கம்பி வந்துவிட்டது. மஞ்சளிலேயே நின்றால் வெறும் பொடிதான். குளோரைடு அளவு கொஞ்சம் மாறினாலும் முடிவு மாறும். ஆகவே குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. கழுவி எடுத்த பிறகும் பிவிபி கொஞ்சம் கம்பியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உறையே இல்லாத கம்பி என்று இந்த முறையில் கிடைப்பது அரிது. "உறை போடாத மாதிரி" என்று பிராஜெக்ட் அறிக்கையில் எழுதும்போது இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

சிலிக்கா உறை போடப் போனோம், கம்பியையே காணவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. ஸ்டோபர் முறையில் (1968-ல் வந்தது) எத்தனாலில் டிஇஓஎஸ் என்ற சிலிக்கான் சேர்மத்தை விட்டு, அம்மோனியா சேர்த்தால், சிலிக்கா மெல்ல மெல்ல உண்டாகிக் கம்பிமேல் படியும். தடிமனை டிஇஓஎஸ் அளவாலும் நேரத்தாலும் கட்டுப்படுத்தலாம். எல்லாம் சரி, ஆனால் அம்மோனியாவும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெள்ளியைக் கரைக்கும். அம்மோனியா கூடினால் உறை முழுதாக மூடுவதற்குள் உள்ளே கம்பி கரைந்துபோய், வெறும் சிலிக்காக் குழாய் மிஞ்சும். அம்மோனியாவைக் குறையுங்கள், டிஇஓஎஸ்ஸைச் சிறு சிறு தவணையாக விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளி அயனியும் அம்மோனியாவும் கலந்த கரைசலை மூடி எடுத்துவைக்கவே கூடாது. நாள்பட்டால் வெடிக்கும் படிவு உண்டாகலாம். டோலன்ஸ் கரைசலை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் சொன்னது இதற்குத்தான்.

நானோமீட்டர் கணக்கில் துல்லியம் வேண்டும் என்றால் அணு அடுக்குப் படிவு முறை இருக்கிறது. ஒரு வாயுவை விட்டு வெளியேற்றி, அடுத்த வாயுவை விட்டு வெளியேற்றி, மாற்றி மாற்றிச் செய்வார்கள். டிரைமெதில் அலுமினியமும் நீராவியும் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் அலுமினா படியும். ஐம்பது சுற்று ஓட்டினால் 5 நானோமீட்டர். கருவி விலை அதிகம்.

வெள்ளிமேல் தங்க முலாம் போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்குமே?

கிடைக்கும், நேரடியாகத் தங்க உப்பில் முக்காத வரை. முக்கினால் தங்கம் படிவதற்குப் பதிலாக வெள்ளி கரைந்து வெளியேறும். ஒரு தங்க அணுவுக்கு மூன்று வெள்ளி அணு போகும். கடைசியில் கையில் இருப்பது உள்ளீடற்ற தங்கக் குழாய். தங்கம் படியும் வேகம், வெள்ளி கரையும் வேகத்தைவிட முந்தும்படி ஒடுக்கியைச் சேர்த்து மெதுவாகச் செய்தால் நல்ல மெல்லிய முலாம் வரும்.

இதெல்லாம் எதற்குப் பயன்படுகிறது?

எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன்: ராமன் சிதறல். திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்ட விளைவு. எந்த மூலக்கூறு என்பதைச் சிதறிய ஒளியின் நிறமாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் அப்படி நிறம் மாறிச் சிதறுவது கோடியில் ஒன்று என்கிற கணக்கில்தான். சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் அந்தச் சமிக்ஞை பல மடங்கு பெருகுவதை 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பார்த்தார்கள். உலோகம்தான் காரணம் என்பது 1977-ல் தெளிவானது. இரண்டு நானோகம்பிகள் குறுக்காகத் தொடும் இடம் இதற்கு மிகவும் வாகான இடம்.

ஒரு தொல்லை உண்டு. வெள்ளியோ தங்கமோ மூலக்கூறோடு தானே வேதிவினை புரிந்து படத்தைக் குழப்பும். 2010-ல் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகக் குழு தங்கத் துகள்மேல் சுமார் 2 நானோமீட்டர் சிலிக்கா அல்லது அலுமினா போட்டு இதைத் தீர்த்தது. ஒளிப்புலம் வெளியே வரும், வேதிவினை நடக்காது. இதே வித்தை கம்பிக்கும் பொருந்தும். கம்பியில் கூடுதல் வசதி ஒன்று: ஒரு முனையில் லேசரை அடித்து, சில மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கும் மறுமுனையில் ராமன் சமிக்ஞை எடுக்கலாம். உயிருள்ள செல்லுக்குள் ஒரு முனையைச் செருகி, வெளியே நிற்கும் முனையில் மட்டும் லேசர் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். செல்லை லேசர் சுடுவதில்லை.

அடுத்தது லேசர். பிளாஸ்மானையே பெருக்கும் லேசர் செய்யலாம் என்று பெர்க்மனும் ஸ்டாக்மனும் 2003-ல் எழுதினார்கள். 2009-ல் இரண்டு விதமாக அது நடந்தது. ஒன்றில் தங்க உருண்டை, அதைச் சுற்றிச் சாயம் கலந்த சிலிக்கா உறை, எல்லாம் சேர்த்தே விட்டம் 44 நானோமீட்டர். இன்னொன்றில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், காட்மியம் சல்பைடு நானோகம்பியை வெள்ளித் தகட்டின்மேல் வைத்து, நடுவில் 5 நானோமீட்டர் மக்னீசியம் ஃபுளோரைடு படலம் கொடுத்தார்கள். ஒளி முழுக்க அந்த 5 நானோமீட்டர் இடுக்கில் நெருக்கியடித்து நின்றது. இரண்டாவதைக் கடும் குளிரில்தான் ஓட்ட முடிந்தது. இரண்டிலும் கவனியுங்கள், அந்த மெல்லிய உறையோ படலமோ இல்லாவிட்டால் கதை நடந்திருக்காது.

குவாண்டம் ஆய்வுக்காரர்களுக்கு வேறு ஆசை. ஒரே ஒரு குவாண்டம் புள்ளி வெளியிடும் ஒற்றை ஃபோட்டானைக் கம்பியில் ஒற்றைப் பிளாஸ்மானாக ஓடவிட்டு, மறுமுனையில் மீண்டும் ஃபோட்டானாகப் பிடிப்பது. ஹார்வர்டு குழு 2007-ல் வெள்ளிக் கம்பியில் இதைச் செய்துகாட்டியது.

மொபைல் திரையில் வெள்ளி நானோகம்பி இருக்கிறது என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

கம்பி ஒன்று, வேலை வேறு. அங்கே கம்பிகள் வலைபோலப் பரவி மின்சாரத்தைக் கடத்துகின்றன, இடைவெளி வழியே வெளிச்சம் போகிறது. பிளாஸ்மானுக்கு அங்கே வேலை இல்லை.

மின்சாரம் போய் ஒளியிலேயே கணினி ஓடுமா?

இந்தக் கம்பிகளை நம்பி அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பிகளைக் கிளைவிட்டு அடுக்கி எளிய லாஜிக் கேட்டுகளைச் செய்துகாட்டியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பத்து மைக்ரோமீட்டருக்கு ஒரு தடவை பாதிக்கு மேல் கரைகிற சமிக்ஞையை வைத்து முழு சிப் கட்ட முடியாது. உணர்விகள், சிறு லேசர்கள், ஓரிரு மைக்ரோமீட்டர் இணைப்புகள்: இவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஒளி எல்லையைவிட மெல்லிய கம்பி என்றால், சாதாரண நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது?

தெரியும், ஆனால் உண்மையான தடிமனில் தெரியாது. டார்க் ஃபீல்டு நுண்ணோக்கியில் கம்பி சிதறடிக்கும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். 100 நானோமீட்டர் கம்பி ஒரு 300 நானோமீட்டர் கோடுபோல மங்கலாகப் பரந்து தெரியும். இருக்கிறதா, எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். தடிமனுக்கும் உறைக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத்தான் போக வேண்டும்.

கல்லூரி அளவில் செய்யத்தக்க நல்ல சோதனை ஒன்று: கம்பியின் ஒரு முனையில் சிவப்பு லேசரைக் குவியுங்கள். நடுப்பகுதி இருட்டாகவே இருக்கும், மறுமுனை மட்டும் புள்ளியாக மின்னும். லேசரின் தளவிளைவுத் திசையைச் சுழற்றினால் அந்தப் புள்ளி மங்கும், பிரகாசிக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் கிடக்கும் கம்பியில் ஒளி தகட்டுக்குள் கசிந்துவிடக்கூடும். மறுமுனை மின்னவில்லை என்றால், கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் உள்ள எண்ணெயை ஒரு சொட்டு விட்டுக் கம்பியைச் சுற்றிலும் ஒரே சூழலாக்கிப் பாருங்கள்.

சென்னையில் இதை எங்கே படிக்கலாம்?

ஐஐடி மெட்ராஸ், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள நானோ அறிவியல் மையம், அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் ஆகியவற்றின் பக்கங்களைப் பாருங்கள். நானோ என்று பெயர் வைத்த பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. இயற்பியலோ வேதியியலோ திடமாக இருந்தால் போதும்.

கம்பிகளைக் கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றலாமா?

கூடாது. நீரில் வாழும் உயிர்களுக்கு வெள்ளி அயனி நஞ்சு. வெள்ளிக் கழிவு என்று எழுதிய தனி பாட்டிலில் சேர்த்து, துறையின் கழிவு அகற்றும் வழியில் அனுப்புங்கள். அம்மோனியா கலந்ததை அந்த பாட்டிலில் அப்படியே ஊற்றாமல், முதலில் நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கிவிட்டுச் சேருங்கள். எத்திலீன் கிளைக்கால் கழிவுக்குத் தனி பாட்டில்.